மாவுக்கு ஒரு நாள் வேண்டும்

நேப்பிள்ஸ் நகரத்து விறகு அடுப்பில் ஒரு பீட்சா 60 முதல் 90 விநாடிக்குள் வெந்துவிடும். அந்த அடுப்புக் கூரையின் வெப்பம் ஏறத்தாழ 485 டிகிரி செல்சியஸ். வீட்டு ஓவனோ பெரும்பாலும் 250 டிகிரியோடு நின்றுவிடும். வீட்டில் செய்யும் பீட்சா வெளிறி, வறட்டு ரொட்டியாக வருவதற்குக் கைப்பக்குவத்தைக் குறை சொல்வதில் நியாயமில்லை. இந்த வித்தியாசம்தான் முக்கியக் காரணம். பலர் சீஸை அள்ளிப் போட்டுச் சமாளிக்கப் பார்க்கிறார்கள். ஈடுகட்ட வேண்டிய இடம் மாவு.

நேப்பிள்ஸ்காரர்கள் மாவை எவ்வளவு மதிக்கிறார்கள் என்பதற்கு, 1984இல் அங்கே தொடங்கப்பட்ட அசல் நேப்பிள்ஸ் பீட்சா சங்கத்தின் விதிகளே சாட்சி. கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட்: இவை நான்குதான். எண்ணெயும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. அந்த ஊரின் பழைய வகையான மரினாராவில் சீஸே இல்லை. தக்காளி, பூண்டு, ஓரிகானோ, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். 2017இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்ததும் பீட்சா செய்பவர்களின் கைத்திறனைத்தான்.

நான்கு பேருக்கு அரை கிலோ மைதா, 300 மில்லி தண்ணீர், 10 கிராம் உப்பு, கால் டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் போதும். கொதிக்கும் தண்ணீர் ஈஸ்டைக் கொன்றுவிடும்; சாதாரணத் தண்ணீரே நல்லது. பத்து நிமிடம் பிசைய வேண்டும். குழந்தைகளுக்கு மிகவும் பிடித்த வேலை இது, அவர்களிடமே விட்டுவிடலாம். பரோட்டா மாஸ்டர் மாவைக் கிழியாமல் வீச உதவும் அதே குளூட்டன்தான் இங்கேயும் உருவாகிறது. ஒரு துண்டை மெல்ல இழுத்துப் பிடித்தால் கிழியாமல் வெளிச்சம் தெரிய வேண்டும். அதுதான் பதம்.

இனி காத்திருக்க வேண்டும். மாவை மூடி இரண்டு மணி நேரம் வெளியே வைத்து, பிறகு 24 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். குளிரில் ஈஸ்ட் மந்தமாகும்; ஆனால் மாவிலுள்ள நொதிகள் ஸ்டார்ச்சைச் சிறிது சிறிதாகச் சர்க்கரையாக உடைத்துக்கொண்டே இருக்கும். 250 டிகிரியிலும் பீட்சா பொன்னிறமாகச் சிவப்பதற்கு அந்தச் சர்க்கரை உதவுகிறது. வீட்டு அடுப்பில் இல்லாத சூட்டை நேரம் ஓரளவு ஈடுகட்டுகிறது. அவசரத்துக்கு ஈஸ்டை அதிகமாகப் போட்டு ஒரு மணி நேரத்தில் முடிப்பவர்களுக்கு இந்த நிறமும் மணமும் கிடைப்பதில்லை.

மறுநாள் மாலை, சுடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே மாவை வெளியே எடுத்து, 200 கிராம் உருண்டைகளாக்கி மூடி வைக்க வேண்டும். சப்பாத்திக் கட்டையைத் தொடவே வேண்டாம். அது விளிம்பில் இருக்கும் காற்றையெல்லாம் வெளியேற்றிவிடும். விரல் நுனிகளால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்தி, ஓரத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். வட்டம் கோணலாக வந்தால் வரட்டும். ஆளுக்கொரு உருண்டை, ஆளுக்கொரு வடிவம்.

சாஸைக் காய்ச்சத் தேவையில்லை. சதைப்பற்றுள்ள பெங்களூர் தக்காளியின் விதையை நீக்கி, கையால் மசித்து, உப்புப் போட்டு, நீரை வடித்துவிட்டால் தயார். பீட்சாவுக்கு இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் போட்டால் நடுப்பகுதி சதசதத்துப்போகும். மொசரெல்லாவின் நீரையும் ஒற்றி எடுக்க வேண்டும். பன்னீரைத் தூவலாம், ஆனால் அமிலம் விட்டுத் திரித்த பாலில் செய்ததால் அது உருகாது.

கைப்பிடி இல்லாத கனமான இரும்பு தோசைக்கல்லைக் கவிழ்த்து ஓவனில் வைத்து, முழுச் சூட்டில் முக்கால் மணி நேரம் காய விட்டால், பீட்சாவின் அடிப்பாகம் மொறுமொறுப்பாகும். ஏழிலிருந்து பத்து நிமிடத்தில் வெந்துவிடும். ஓவனே இல்லாவிட்டால் அடுப்பில் காய்ந்த தோசைக்கல்லில் மாவை ஒரு பக்கம் வேக வைத்து, திருப்பிப் போட்டு, மேலே தூவ வேண்டியதைத் தூவி மூடி வைக்கலாம். மேற்பக்கம் சிவக்காது, ருசி குறையாது. சூடான கல்லைக் கையாளும் வேலை மட்டும் பெரியவர்களுடையது.

ஞாயிறு இரவு பீட்சா என்று வீட்டில் முடிவெடுத்தால், சனிக்கிழமை மாலையே மாவைப் பிசைந்துவிடுங்கள். மீந்த உருண்டை மூடிய டப்பாவில், ஃப்ரிட்ஜில் இன்னும் ஓரிரு நாள் தாங்கும்.