கூடாரத்துக்கு வெளியே யாரு?

பாழடைந்த பங்களா, கிரீச்சிடும் கதவு, வெள்ளைப் புடவை... இந்தப் பேய்களெல்லாம் அலுத்துப் போச்சா? அப்ப ஸ்வெட்டரை மாட்டிக்கிட்டு கிளம்புங்க, கஞ்சன்ஜங்காவுக்கு!

8,586 மீட்டர். உலகின் மூன்றாவது உயரமான சிகரம். பிரிட்டிஷ் எழுத்தாளர் மிஷெல் பேவர் 2016-ல் வெளியிட்ட 'தின் ஏர்' நாவல் இங்கேதான் நடக்கிறது. வருடம் 1935. மலையேறும் குழுவில் கடைசி நேரத்தில் சேரும் இளம் டாக்டர் ஸ்டீஃபன்தான் கதை சொல்கிறார். கூடவே அண்ணன் கிட்ஸ். ரெண்டு பேருக்கும் சின்ன வயசிலிருந்தே ஏழாம் பொருத்தம்! இவர்கள் பிடிக்கும் பாதையில், 1906-ல் ஒரு குழு உயிர்களைப் பலி கொடுத்திருக்கிறது. அதில் பிழைத்தவர் டார்ஜிலிங்கில் எச்சரிக்கிறார். கேட்டால்தானே?

பங்களாவில் பேய் வந்தா தெருவுக்கு ஓடலாம். இங்கே எங்கே ஓடுவீங்க? நடுவில் இருப்பது ஒரு கூடாரத் துணி மட்டும்தான். அதைவிடப் பெரிய சிக்கல், ஸ்டீஃபன் டாக்டர். ஆக்சிஜன் குறைஞ்சா மூளை இல்லாததைக் காட்டும்னு அவருக்குத் தெரியும். அதனால் பேயைச் சந்தேகப்படும் முன்னாடி தன்னையே சந்தேகப்படுகிறார். நாமும்தான். பேவர் நம்மைப் பிடித்து உலுக்குவது இந்த இடத்தில்தான்.

சும்மா கதை விடலை. 1933-ல் எவரெஸ்ட்டில் தனியாக ஏறிய ஃப்ராங்க் ஸ்மைத், கூட யாரோ வருவதாகவே உணர்ந்தார். தின்ன எடுத்த மின்ட் கேக்கை ரெண்டாக உடைத்து, பாதியைக் கொடுக்கத் திரும்பியும் பார்த்தார். யாருமில்லை!

நாவலின் 1906 குழு கற்பனை. ஆனால் 1905-ல் கஞ்சன்ஜங்காவில் நிஜமாகவே பனிச்சரிவில் நாலு பேர் இறந்தார்கள். மூணு பேர் சுமை தூக்கிகள். மேலே கூடாரத்தில் இருந்த அலெய்ஸ்டர் க்ரோலி, அன்று ராத்திரி உதவிக்கு இறங்கி வரவே இல்லை. நாவலைப் படிக்கும்போது இந்தச் சம்பவம் ஞாபகத்தில் இருந்தால், வெளியே நிற்கும் அந்த உருவத்தைப் பார்த்து பயம் மட்டும் வராது. பாவமாகவும் இருக்கும். ஏன்னு சொன்னா சஸ்பென்ஸ் போயிடும்!

ஒரே ராத்திரியில் முடிச்சிடக்கூடிய சைஸ்தான். ராத்திரியா, பகலா... நீங்களே முடிவு பண்ணிக்கங்க!