சூரிய வெப்பமும் உள்ளூர் மின்சாரமும்: சந்திரகிரி வட்டாரம் தரும் பாடங்கள்

சுவர்ணமுகி ஆற்றங்கரையில், சேஷாசல மலைத் தொடரின் அடிவாரத்தில் அமைந்துள்ள சந்திரகிரி, விஜயநகர வேந்தர்களின் பிற்காலத் தலைநகராக விளங்கிய பழம்பதி. அங்குள்ள கோட்டையினுள் நிற்கும் மூன்று நிலை ராஜமகால் மரமே சேர்க்காமல் கல், செங்கல், சுண்ணச்சாந்து ஆகியவற்றைக் கொண்டு கட்டப்பட்டது. அதன் தடித்த சுவர்கள் பகல் வெப்பத்தை மெல்ல உட்கொண்டு இரவில் மெல்ல வெளிவிடும் இயல்புடையவை. வெயில் மிகுந்த இவ்வட்டாரத்தில் வெப்பத்தைத் தடுக்கும் வழியை முன்னோர் இவ்வாறு அறிந்திருந்தனர். அதே வெப்பத்தை வேலை வாங்கும் வழியை அண்மைக் காலத்தார் கண்டனர். அதற்குச் சிறந்த சான்று, சந்திரகிரியிலிருந்து ஸ்ரீவாரி மெட்டுப் படிவழியே ஏறிச் செல்லக்கூடிய திருமலையில், 2002ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சூரிய நீராவிச் சமையல் நிலையமாகும்.

மின்சாரத்தை எங்கோ ஒரு பெரிய நிலையத்தில் உற்பத்தி செய்து நெடுந்தொலைவு கொண்டுவருவதே வழக்கமான முறை. தேவைப்படும் இடத்திலேயே, தேவைப்படும் வடிவிலேயே ஆற்றலைப் பெறுவது மற்றொரு முறை. இவ்விரண்டாம் முறையின் நன்மைகளையும் எல்லைகளையும் களப்பணியாளரும் ஆசிரியரும் கணக்கிட்டு அறிந்துகொள்வதற்கு இவ்வட்டாரத்து எடுத்துக்காட்டுகள் பெரிதும் உதவும்.

மலைமேல் ஓர் அடுக்களை

திருமலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ளது. திருமலை திருப்பதி தேவஸ்தானம் அங்கு வரும் அடியார்களுக்கு 1985ஆம் ஆண்டு முதல் நாள்தோறும் அன்னதானம் செய்து வருகிறது. பல்லாயிரவர்க்குச் சோறு வடிப்பதற்கு வேண்டிய வெப்பம் சிறிதன்று. எரிபொருள் அனைத்தையும் மலைப்பாதை வழியே வண்டியில் ஏற்றிச் செல்ல வேண்டும். அவ்வாறு ஏற்றுவதற்கும் எரிபொருள் செலவாகிறது. மலைக்கு மேலே வெயிலோ வண்டிச் சத்தமின்றித் தானே வந்து சேர்கிறது. சூரிய வெப்பத்தைப் பயன்படுத்துவதற்கு இதனினும் பொருத்தமான இடம் காண்பது அரிது.

2002ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இந்நிலையம் அமைக்கப்பட்டது. குழிந்த பரவளைய வடிவுடைய 106 கண்ணாடித் தட்டுகள், ஒவ்வொன்றும் 9.2 சதுர மீட்டர் பரப்புடன், நிறுவப்பட்டன. இவை நாளொன்றுக்கு 4,000 கிலோகிராம் நீராவியை, 180 பாகை செல்சியஸ் வெப்பநிலையில், சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோகிராம் அழுத்தத்தில் தருமாறு திட்டமிடப்பட்டன. 15,000 பேருக்கு இருவேளை உணவு சமைக்க இது போதும் எனக் கணக்கிடப்பட்டது. மொத்தச் செலவு ஏறத்தாழ 110 லட்சம் ரூபாய்; அதில் ஒரு பகுதியை அந்நாளைய மத்திய மரபுசாரா எரிசக்தி அமைச்சகம் மானியமாக வழங்கியது. ஆண்டுக்கு 1,18,000 லிட்டர் டீசல் மிச்சமாகும் என மதிப்பிடப்பட்டது. மழை நாளிலும் மேகமூட்டத்திலும் அடுப்பு அணைந்துவிடாதிருக்க, முன்பிருந்த டீசல் கொதிகலன்களுடன் இந்நிலையம் இணைக்கப்பட்டது. இவ்விணைப்பு மிகவும் கருதத்தக்கது. புதியது வந்ததும் பழையதை எறிந்துவிடாமல், புதியதன் குறையைப் பழையது ஈடு செய்யும்படி அமைத்ததே இத்திட்டத்தின் அறிவுடைமை.

தட்டு சுழல்கிறது, குவியம் நிலைத்து நிற்கிறது

சூரிய அடுப்பு புதிய கருத்தன்று. 1878ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஆகஸ்டின் மூஷோ என்பார் சூரிய வெப்பத்தால் இயங்கும் நீராவி இயந்திரத்தைக் காட்டினார். அதே ஆண்டில் பம்பாயிலிருந்த வில்லியம் ஆடம்ஸ், வெப்ப நாடுகளில் விறகுக்கு மாற்றாகச் சூரிய வெப்பத்தைப் பயன்படுத்துவது குறித்து நூல் வெளியிட்டார். 1950களில் தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடமும் வீட்டு உபயோகத்திற்கான சூரிய அடுப்பை உருவாக்கியது. ஆயினும் அது இல்லந்தோறும் பரவவில்லை. இத்தகைய அடுப்பின் முன் சமைப்பவர் வெயிலில் நிற்க வேண்டும். சூரியன் நகர நகர அடுப்பைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சமையலோ வீட்டினுள் நிழலில் நடைபெறும் தொழில்.

இத்தடையை நீக்கியவர் உல்ஃப்காங் ஷெஃப்ளர் என்னும் ஐரோப்பிய இயற்பியலறிஞர். அவர் வகுத்த முறையிலமைந்த முதல் தட்டு 1986இல் வட கென்யாவில் இயங்கியது. அதன் தத்துவம் வருமாறு: முழுப் பரவளையக் கிண்ணத்தை எடுத்துக்கொள்ளாமல், அதன் பக்கவாட்டுத் துண்டு ஒன்றை மட்டும் கண்ணாடித் தட்டாகக் கொள்வர். பூமியின் அச்சுக்கு இணையான ஓர் அச்சைப் பற்றி அத்தட்டு மணிக்கு 15 பாகை வீதம் சுழலும். பூமி சுழலும் வேகமும் அதுவே ஆதலால், தட்டு சூரியனைத் தொடர்ந்து நோக்கி நிற்கும். குவியம் அந்த அச்சின் மீதே அமைந்திருப்பதால், தட்டு சுழன்றாலும் குவியம் இடம் மாறுவதில்லை. வெப்பத்தைப் பெறும் கலம் அசையாமல் ஓரிடத்தில் நிற்கலாம். அதிலிருந்து குழாய் வழியே நீராவியை அடுக்களைக்குக் கொண்டு செல்லலாம்.

ஆண்டின் போக்கில் சூரியன் வடக்கும் தெற்குமாக 23½ பாகை வரை விலகுவதை நாம் அறிவோம். அதற்கேற்பத் தட்டின் சாய்வையும் வளைவையும் சில நாட்களுக்கு ஒருமுறை கையால் சிறிது திருத்த வேண்டும். அன்றாடச் சுழற்சியைத் தானியங்கிப் பொறி கவனித்துக்கொள்ளும். பருவத் திருத்தம் மனிதன் கையில் உள்ளது.

திருமலைக்கு முன்னரே ராஜஸ்தானத்து அபு ரோட்டில் பிரம்மகுமாரிகள் நிலையத்தில் 84 தட்டுகள் கொண்ட அமைப்பு இயங்கியது. பின்னர் 2009இல் சீரடி சாயிபாபா சன்ஸ்தானத்தில் 73 தட்டுகள் நிறுவப்பட்டன. பெருந்திரளானோர் உண்ணும் இடங்களே இம்முறைக்கு ஏற்றவை என்பது இதனால் விளங்கும்.

கணக்கிட்டுப் பார்ப்போம்

மேலே கூறிய எண்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று மாணவர்களைக் கொண்டே சோதிக்கலாம். 30 பாகையிலுள்ள ஒரு கிலோகிராம் நீரை 180 பாகைக்குச் சூடேற்ற ஏறத்தாழ 152 கிலோ கலோரி வேண்டும். அவ்வெப்பநிலையில் அதை நீராவியாக்க மேலும் 481 கிலோ கலோரி வேண்டும். ஆக மொத்தம் 633. நாளொன்றுக்கு 4,000 கிலோகிராம் நீராவிக்கு ஏறத்தாழ 25.3 லட்சம் கிலோ கலோரி தேவை. ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரிக்குச் சமம். எனவே இது சுமார் 2,940 யூனிட் ஆற்றலாகும்.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 8,600 கிலோ கலோரி வெப்பம் உண்டாகும். கொதிகலன் அதில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கை நீராவியில் சேர்ப்பதாகக் கொண்டால், 6,450 கிலோ கலோரி பயன்படும். 25.3 லட்சத்தை இதனால் வகுக்க, நாளொன்றுக்கு 392 லிட்டர் டீசல் வருகிறது. ஆண்டில் 300 நாள் நல்ல வெயில் எனக் கொண்டால், விடை ஏறத்தாழ 1,17,600 லிட்டர். திட்டத்தில் குறித்த 1,18,000 லிட்டருக்கு இது மிக அணித்தாய் உள்ளது.

இனி மறுபுறம் நோக்குவோம். 106 தட்டுகளின் மொத்தப் பரப்பு 975 சதுர மீட்டர். தெளிந்த நாளில் சதுர மீட்டருக்கு 6 யூனிட் நேர்க்கதிர் விழுவதாகக் கொண்டால், 5,850 யூனிட் கிடைக்கும். வேண்டியதோ 2,940 யூனிட். விழும் கதிரில் சரிபாதியை நீராவியாக்கினால்தான் திட்டமிட்ட அளவு கிட்டும். ஆதலால் 4,000 கிலோகிராம் என்பது சராசரி நாளுக்குரிய எண்ணன்று. நல்ல வெயிலும் நல்ல பராமரிப்பும் கூடிய நாளுக்குரிய எண் என்று கொள்வதே முறை. திட்ட எண்ணுக்கும் அன்றாட விளைவுக்கும் உள்ள இவ்வேறுபாட்டைக் களப்பணியாளர் என்றும் மறத்தலாகாது.

தூசியின் விலை

இத்தகைய நிலையத்தின் வாழ்வும் தாழ்வும் பராமரிப்பைப் பொறுத்தவை. கண்ணாடியின் மீது தூசி படிந்து, குவியத்தில் சேரும் வெப்பம் நூற்றுக்குப் பத்துப் பங்கு குறைந்ததாக வைத்துக்கொள்வோம். நீராவியும் பத்துப் பங்குதான் குறையும் என்று எண்ணுவது தவறு. கலத்தில் 100 பங்கு வெப்பம் விழும்போது 30 பங்கு காற்றில் இழக்கப்பட்டு 70 பங்கு நீராவியாகிறது என்று கொள்வோம். கலத்தின் வெப்பநிலை மாறாததால் இழப்பு 30 பங்காகவே நிற்கும். விழும் வெப்பம் 90 ஆனால் நீராவிக்கு எஞ்சுவது 60. எனவே நீராவியின் குறைவு ஏறத்தாழ 14 விழுக்காடு. பருவத் திருத்தம் செய்யத் தவறினாலும், கடின நீரால் குழாயினுள் உப்புப் படிந்தாலும் இவ்வாறே இழப்பு பெருகும். அந்த இழப்பை யாரும் கண்ணால் காண்பதில்லை. பின்னணியில் உள்ள டீசல் கொதிகலன் அதைச் சத்தமின்றி ஈடு செய்துவிடும். இதனாலேயே, சூரிய நீராவியின் அளவையும் எரிந்த டீசலின் அளவையும் தனித்தனியே நாட்குறிப்பில் எழுதி வருதல் இன்றியமையாதது. அக்குறிப்பு இல்லாத இடத்தில் நிலையம் இயங்குகிறதா, பெயரளவில் நிற்கிறதா என்று எவராலும் கூற இயலாது.

கம்பியின் கடைக்கோடியில்

சமையலுக்கு வெப்பம் போதும். விளக்குக்கும் விசிறிக்கும் மின்சாரம் வேண்டும். திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட ஆந்திரப் பிரதேசத் தென்மண்டல மின் விநியோக நிறுவனம் இவ்வட்டாரத்திற்கு மின்சாரம் வழங்குகிறது. நெடுந்தொலைவு கம்பியில் செல்லும் மின்சாரத்தில் ஒரு பகுதி கம்பியைச் சூடேற்றுவதிலேயே வீணாகிறது. இவ்விழப்பு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். மின்னோட்டம் இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்காகும். பாதியானால் கால்பங்காகக் குறையும். எனவே கம்பியின் கடைக்கோடியிலுள்ள சிற்றூரில் பகல் வேளையில் கூரை மேல் உண்டாகும் சிறிதளவு மின்சாரமும், நிறுவனத்திற்குத் தன் அளவினும் மிக்க நன்மை பயக்கும்.

2025ஆம் ஆண்டில் சந்திரகிரி மண்டலத்தைச் சேர்ந்த நாராவாரிப்பள்ளியில் வீட்டுக் கூரைகளில் சூரிய மின்தகடுகள் அமைக்கும் முன்னோடித் திட்டம் நிறைவேற்றப்பட்டது. இதற்கு முந்திய ஆண்டு, 2024 பிப்ரவரியில், ஒரு கோடி வீடுகளை நோக்கமாகக் கொண்ட கூரைச் சூரிய மின் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. அதன்படி மூன்று கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் வரை மானியம் அறிவிக்கப்பட்டது. நம் நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு யூனிட் தரும்.

ஆயினும் சூரியன் மறைந்த பின்னரே வீடுகளில் விளக்கெரிகிறது. மாலைத் தேவையைக் கூரைத் தகடு நேரே தீர்ப்பதில்லை. பகலில் மிகுந்ததை விநியோகக் கம்பிக்கு அளித்து, இரவில் வேண்டியதை அதிலிருந்து பெறும் கொடுக்கல் வாங்கல் முறையே இப்போது வழக்கில் உள்ளது. பெரிய நிலையங்களையும் கம்பிகளையும் தகடுகள் இல்லாமற் செய்துவிடும் என்று பொதுமக்களிடம் கூறுவது உண்மையாகாது.

முதலில் சிக்கனம், பின்னர் உற்பத்தி

தகடு வாங்குமுன் வீணாவதை நிறுத்துதல் வேண்டும். பழைய கூரை விசிறி ஏறத்தாழ 75 வாட் கொள்ளும்; புதுவகைத் தூரிகையற்ற மோட்டார் விசிறிக்கு 30 வாட் அளவே போதும். நாளுக்குப் பத்து மணி நேரம் சுழலும் நான்கு விசிறிகளை மாற்றினால் மிச்சமாவது 1.8 யூனிட். இது ஒரு கிலோவாட் தகட்டின் விளைவில் ஏறத்தாழ பாதி. 2001ஆம் ஆண்டு எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழ் 2002இல் தோன்றிய எரிசக்தித் திறன் செயலகம் கருவிகளுக்கு நட்சத்திரக் குறியீடு வழங்குகிறது. 2023 ஜனவரி முதல் கூரை விசிறிகளுக்கும் அக்குறியீடு கட்டாயமாயிற்று.

திருப்பதி நகரத்துத் தங்கும் விடுதிகளைக் கருதுங்கள். யாத்திரிகர் விடியற்காலையில் நீராட வெந்நீர் வேண்டும். 100 லிட்டர் நீரை 30 பாகை உயர்த்த 3,000 கிலோ கலோரி, அதாவது 3½ யூனிட் தேவை. முதல் நாள் வெயிலில் சூடேறிய நீரை, வெப்பம் புறஞ்செல்லாத தொட்டியில் இருத்தினால் அம்மின்சாரம் முழுவதும் மிச்சமாகும். சேமக்கலம் எதுவுமின்றி, வெந்நீர்த் தொட்டியே ஆற்றலைச் சேமித்து வைக்கும் கலமாகிறது.

ஆழ்துளைக் கிணற்றை நம்பியுள்ள இவ்வட்டார உழவரின் நிலையும் இதுவே. ஒரு கன மீட்டர் நீரை 100 மீட்டர் உயர்த்தக் குறைந்தது 0.27 யூனிட் வேண்டும். நூற்றுக்கு முப்பது திறனுள்ள பம்பு 0.9 யூனிட் கொள்ளும். ஐம்பது திறனுள்ளது 0.55 யூனிட் கொள்ளும். பழைய பம்போடு சூரியத் தகடுகளை இணைப்பவர், தகடுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீணே விலை கொடுத்தவராவார். மின்சாரம் இலவசமாக வரினும் நிலத்தடி நீர் இலவசமன்று என்பதையும் உழவருக்கு எடுத்துரைத்தல் வேண்டும்.

பள்ளியிலும் களத்திலும்

ஆசிரியர்கள் பள்ளி மின் அளவியை ஒரு வாரம் காலையும் மாலையும் மாணவரைக் கொண்டு குறிக்கச் செய்யலாம். விசிறிகளையும் விளக்குகளையும் எண்ணி, வாட் அளவைப் பெருக்கி, அளவியின் எண்ணோடு ஒப்பிடலாம். இரண்டும் பொருந்தாவிடின் வேறுபாடு எங்கே உள்ளதெனத் தேடுவதே சிறந்த விஞ்ஞானப் பயிற்சி. களப்பணியாளர் ஒரு புதிய கருவியைப் பரிந்துரைக்குமுன் மூன்று வினாக்களைக் கேட்பது நன்று: இப்போது வீணாவது எவ்வளவு? கருவி தரக்கூடிய உண்மையான அளவு எவ்வளவு? ஐந்தாண்டு கழித்து அதைத் துடைத்து, திருத்தி, குறிப்பெழுதப் போகிறவர் யார்? மூன்றாம் வினாவுக்கு ஓர் ஆளின் பெயரை விடையாகத் தர முடிந்தால், அத்திட்டத்தை நம்பிக்கையுடன் மேற்கொள்ளலாம்.