சுவருக்குள் ஓடும் கம்பிகள்

சாரல் எந்தச் சாளரத்தின் வழியாக வரும் என்று கேட்டறிந்த பின்னரே தென்காசிப் பக்கத்தில் பலரும் வீட்டு வரைபடத்துக்கு இசைவு தருகின்றனர். தொலைக்காட்சிக் கம்பி எந்த வழியாக வரும் என்று கேட்பவரோ மிக அரியர்.

மேலகரத்தில் என் உறவினர் ஒருவரும் கேட்கவில்லை. புதுமனை புகுவிழா முடிந்த பத்தாம் நாள், வண்ணம் உலர்ந்த சுவரில் உளி விழுந்தது. கீழ்க்கூடத்தில் வைத்த இணையக் கருவியின் அலை, கான்கிரீட் தளத்தைக் கடந்து மாடியறைக்குச் சேர்வதற்குள் மெலிந்துவிட்டது. கல்லூரியில் படிக்கும் அவருடைய மகளுக்குப் பாதிப் பாடத்திலேயே ஆசிரியரின் குரல் அறுந்துபோயிற்று. மாணவ நண்பர்களே, அந்த உளியின் ஓசைதான் இப்பேச்சுக்குத் தூண்டுகோல்.

முதலில் கூரைக்குச் செல்வோம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதன் அலை தென்கோடிக்கு எட்டவில்லை. 1982 இல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கியதும், நம் கடலோர ஊர்களில் நெடிய குழாய்களின் உச்சியில் ஏரியல்கள் எழுந்தன. மீன்முள்ளைப் போன்ற அந்த அமைப்பு, 1926 இல் ஜப்பானியரான உடா, யாகி இருவரும் உலகுக்கு அளித்தது. அவ்வலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. மலை குறுக்கிட்டால் தடைப்படும். ஆகவே உயரமே அக்காலத்தில் துணை.

பழைய தரைவழி ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் ஏறத்தாழ முழுவதும் நிறுத்திவிட்டது. இன்று வேண்டுவது உயரமன்று, திசை. நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பதுபோல் தோன்றும் துணைக்கோளை நம் டிஷ் நோக்க வேண்டும். தூர்தர்ஷனின் இலவச ஒளிபரப்பைத் தரும் ஜிசாட்-15, கிழக்கு நெடுங்கோடு 93.5 பாகையில் உள்ளது. தென்காசி ஏறத்தாழ 77.3 பாகையில் உள்ளது. கணக்கிட்டால், கிழக்கிலிருந்து சுமார் 28 பாகை தெற்கே திரும்பி, அடிவானிலிருந்து சுமார் 68 பாகை நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்று விடை வருகிறது. முக்கோணவியல் கற்றவர்கள் சரிபார்த்துக் கொள்ளலாம். குற்றால மலை மேற்கே நிற்பதால் அது தடையன்று. அண்டை வீட்டுத் தென்னைதான் தடை!

இவ்வலையின் நீளம் ஏறத்தாழ இரண்டரைச் சென்டிமீட்டர். பெருமழைத் துளிகள் அதை விழுங்கிவிடும். ஆடிச் சாரலில் படம் பெரும்பாலும் தப்பிவிடும். ஐப்பசி இடிமழையில் சிறிது நேரம் மறையும். ஆனால் சாரல் வேறு வழியில் தீங்கு செய்கிறது. ஓயாத ஈரம் இணைப்புகளுக்குள் கசிந்து செம்பைப் பச்சைபூக்கச் செய்துவிடும். எனவே இணைப்பை ரப்பர் உறையால் மூடுக. கம்பி சுவருக்குள் நுழையுமுன் ஒரு வளைவாகக் கீழே தொங்கட்டும். நீர் அவ்வளைவின் அடியில் சொட்டிவிடும். டிஷ்ஷின் இரும்புக் காலை நில இணைப்போடு சேர்ப்பதும் இன்றியமையாதது. மலையடிவார மின்னலை எளிதாக எண்ணலாகாது.

இனிச் சுவர். பூச்சு வேலைக்கு முன்பே குழாய்களைப் பதித்துவிட வேண்டும். மின்சாரக் கம்பியும் செய்திக் கம்பியும் ஒரே குழாயில் செல்லக் கூடாது. குறுக்கிட நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். இணையக் கம்பியினுள் எட்டு இழைகள் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கும். அம்முறுக்கு அழகுக்காக அன்று. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இணையின் இரு இழைகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் படியும். கருவியோ இரண்டுக்குமுள்ள வேற்றுமையை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆகவே இரைச்சல் கழிந்துபோகிறது. வழக்கமான வேகத்தில் 100 மீட்டர் வரை இது செல்லும். நம் வீடுகளுக்கு அது தாராளம்.

ஒவ்வோர் அறையிலிருந்தும் தனித்தனிக் குழாய் வந்து ஓரிடத்தில், கூடத்து அலமாரியில் என்று வைத்துக்கொள்ளுங்கள், கூட வேண்டும். கூரையிலிருந்து இறங்கும் குழாயும் அங்கேயே முடியட்டும். கூர்மையான திருப்பம் எங்கும் வேண்டா. ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஒரு நைலான் கயிற்றை விட்டுவைத்தால், பின்னொரு நாள் புதுக் கம்பியை அதிற்கட்டி இழுத்துக்கொள்ளலாம்.

மேலகரத்து வீட்டில் மாடியறைக்குக் கம்பி போய்ச் சேர்ந்துவிட்டது. பாடமும் தடையின்றி நடக்கிறது. வெட்டிய இடத்தில் பூசிய வண்ணந்தான் பழைய வண்ணத்தோடு இன்னும் சேரவில்லை.