பழைய கணினிக்குப் புது வாழ்வு

பெங்களூரின் கிழக்குப் பக்கம் காக்ஸ் டவுன் இருக்கிறது. பெங்களூர் கிழக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில்தான். ஒரு காலத்தில் இது கண்டோன்மென்ட் பகுதி. வெள்ளைக்காரப் பட்டாளம் தங்கிய இடம். பட்டாளத்தோடு தமிழர்கள் பலரும் வந்தார்கள். இங்கேயே குடியேறினார்கள். இன்றும் இந்தத் தெருக்களில் தமிழ் கேட்கும். கன்னடமும் உருதும் கேட்கும்.

இந்தக் காக்ஸ் டவுனில் ஒரு தையற்கார அக்கா இருப்பதாக வைத்துக் கொள்வோம். அக்கா கற்பனை. ஆனால் அவருடைய கவலை பலருக்கும் உள்ள கவலைதான். அதற்குக் கிடைக்கும் பதிலும் உண்மைதான். வாருங்கள், கதைக்குள் போவோம்.

அக்காவின் கவலை

அக்கா வீட்டில் ஒரு மேசைக் கணினி இருக்கிறது. வாங்கிப் பத்து வருடம் ஆகிறது. வாடிக்கையாளர்களின் ரவிக்கை அளவு எல்லாம் அதில்தான். யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்கும் அதில்தான். மகள் பி.யு.சி. படிக்கிறாள். அவளுடைய பாடங்களும் அதில்தான்.

இப்போது கணினி மெதுவாக ஓடுகிறது. திறந்தால் ஏதோ எச்சரிக்கை வருகிறது. அடுத்த வீட்டுத் தம்பி கணினி வேலை தெரிந்தவர். அக்கா அவரைக் கூப்பிட்டார்.

"தம்பி, இது என்ன சொல்லுது பாருங்க. கடையில கேட்டா புதுசு வாங்குங்கங்கறாங்க. புதுசுக்கு நான் எங்கே போவேன்? காலேஜ் ஃபீசு கட்டணும்."

தம்பி பார்த்தார். "அக்கா, கணினி கெட்டுப் போகலை. இதுக்குள்ள இருக்கிறது விண்டோஸ் 10. அதுக்குக் காலம் முடிஞ்சு போச்சு. அவ்வளவுதான்."

காலம் முடிவது என்றால் என்ன?

கணினியில் இரண்டு பங்கு உண்டு. கண்ணால் பார்க்கும் பெட்டி, திரை, விசைப்பலகை ஒரு பங்கு. இது வன்பொருள். அந்தப் பெட்டியை வேலை செய்ய வைக்கும் கட்டளைகள் மற்றொரு பங்கு. இது மென்பொருள். தையல் மெஷின் வன்பொருள் என்றால், தைக்கத் தெரிந்த அறிவு மென்பொருள்.

மென்பொருளில் முதலானது இயங்குதளம். மற்ற மென்பொருள்கள் எல்லாம் அதன் மேல்தான் ஓடும். விண்டோஸ் ஓர் இயங்குதளம். மைக்ரோசாஃப்ட் என்ற அமெரிக்க நிறுவனம் அதைச் செய்கிறது.

எந்த மென்பொருளிலும் ஓட்டைகள் இருக்கும். திருடர்கள் அந்த ஓட்டை வழியாக நுழைவார்கள். ஆகவே நிறுவனம் அவ்வப்போது ஓட்டையை அடைத்து அனுப்பும். விண்டோஸ் 10க்கு இப்படி வழக்கமாக அனுப்புவது 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றது. தனியாகப் பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை தவணை தரப்பட்டது.

அடுத்தது விண்டோஸ் 11. ஆனால் பழைய கணினிகள் பலவற்றை அது ஏற்றுக்கொள்வதில்லை. அதற்கு வேண்டிய சில பாகங்கள் பழைய பெட்டியில் இல்லை. பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் தள்ளிவிட வேண்டிய நிலை.

"ஒருத்தர் காசில்லாம காப்பி போட்டுத் தர்றேன்னு சொன்னார் தம்பி" என்றார் அக்கா.

"வேண்டாம் அக்கா. அது திருட்டுக் காப்பி. அதோடு வைரசும் சேர்ந்து வரலாம். சட்டப்படியும் குற்றம்."

தம்பி சொன்னது சரி. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டுச் சட்டம். அதில் 63பி என்ற பிரிவு இருக்கிறது. திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை. 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார லாபத்துக்காக இல்லை என்றால் நீதிமன்றம் சிறையை விட்டுவிடலாம். அபராதத்தையும் 50 ஆயிரத்துக்குள் நிறுத்தலாம். ஆனால் அக்கா கடைக் கணக்கு வைத்திருக்கிறார். அவருக்கு அது பெரிய ஆபத்து.

அப்படியானால் வழி என்ன? வழி இருக்கிறது. அதற்குப் பெயர் கட்டற்ற மென்பொருள்.

இலவசம் வேறு, கட்டற்றது வேறு

கடையில் தைத்த ரவிக்கை வாங்குகிறோம். அதை எப்படி வெட்டினார்கள் என்று நமக்குத் தெரியாது. ஆனால் ஒருவர் ரவிக்கையோடு அதன் பேப்பர் கட்டிங்கையும் தருகிறார். நாமே தைத்துக் கொள்ளலாம். கையைக் கொஞ்சம் நீளமாக்கலாம். பக்கத்து வீட்டுக்கும் அந்தக் காகிதத்தைக் கொடுக்கலாம்.

மென்பொருளுக்கும் இப்படி ஒரு பேப்பர் கட்டிங் உண்டு. அதை மூலநிரல் என்பார்கள். பல நிறுவனங்கள் இதை மறைத்து வைக்கின்றன. கட்டற்ற மென்பொருளில் இது திறந்தே இருக்கும். அதனால்தான் திறமூல மென்பொருள் என்றும் சொல்கிறோம்.

கட்டற்ற மென்பொருள் நமக்கு நான்கு உரிமைகள் தருகிறது.

1. எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம்.
2. எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று படித்துப் பார்க்கலாம்.
3. காப்பி எடுத்து மற்றவருக்குக் கொடுக்கலாம்.
4. மாற்றிச் செய்யலாம். மாற்றியதையும் மற்றவருக்குக் கொடுக்கலாம்.

இவற்றில் பெரும்பாலானவை காசில்லாமல் கிடைக்கின்றன. ஆனால் காசில்லாமல் கிடைப்பது எல்லாம் கட்டற்றது ஆகாது. "ஒரு மாதம் இலவசம்" என்று சில மென்பொருள்கள் வரும். மாதம் முடிந்ததும் பணம் கேட்கும். அது இலவசமும் இல்லை, கட்டற்றதும் இல்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். அதனால் அவர்களுக்கே குழப்பம். நமக்குத் தமிழில் இரண்டு சொல் இருக்கிறது. குழப்பம் இல்லை.

இது எப்படி வந்தது?

1983இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் ஒரு வேலையைத் தொடங்கினார். எல்லோரும் பகிர்ந்து கொள்ளக்கூடிய ஓர் இயங்குதளம் செய்வது அவர் நோக்கம். அதற்குக் குனு என்று பெயர் வைத்தார். 1991இல் ஃபின்லாந்து நாட்டு மாணவர் ஒருவர் இயங்குதளத்தின் உட்கருவை எழுதினார். அவர் பெயர் லினஸ் டோர்வால்ட்ஸ். அப்போது அவருக்கு வயது 21. அவர் எழுதியது லினக்ஸ். இரண்டும் சேர்ந்து முழு இயங்குதளம் ஆயிற்று. பிறகு உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானோர் அதில் கை வைத்தார்கள். இன்று ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் லினக்ஸ் உட்கருதான் ஓடுகிறது. நமக்குத் தெரியாமலே நாம் அதைப் பயன்படுத்துகிறோம்.

நம் பக்கத்தில் யார் பயன்படுத்துகிறார்கள்?

"இதெல்லாம் பெரிய படிப்புப் படிச்சவங்களுக்குத் தம்பி. நமக்கு வருமா?" என்று கேட்டார் அக்கா.

கேரளத்தைப் பாருங்கள். அங்கே அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் லினக்சில்தான் கணினி படிக்கிறார்கள். 2019இல் அங்கே 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்குப் புதிய லினக்ஸ் பதிப்பு கொடுக்கப்பட்டது. இதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள்.

தமிழ்நாட்டில் 2011இல் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அந்தக் கணினிகளில் விண்டோசோடு பாஸ் லினக்சும் இருந்தது. பாஸ் லினக்ஸ் நம் நாட்டிலேயே, சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் உருவாக்கியது.

பெங்களூரிலும் ஒரு சான்று உண்டு. பன்னேர்கட்டா ரோடு பக்கம் ஒரு குடிசைப் பகுதியில் அம்பேத்கர் சமூகக் கணினி மையம் நடந்தது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைச் சேர்ந்த தொண்டர்கள் அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். கூலி வேலை செய்பவர்களின் பிள்ளைகள் கிம்ப் என்ற மென்பொருளில் படம் வரைந்தார்கள். அவர்களுக்கு வந்தது நமக்கு வராதா?

எப்படித் தேர்ந்தெடுப்பது?

பெயரைப் பார்த்து மென்பொருளைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. நம் வேலையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். தம்பி ஒரு தாள் எடுத்தார். "அக்கா, இந்தக் கணினியில என்னென்ன வேலை செய்றீங்க, சொல்லுங்க" என்றார். அக்கா சொல்லச் சொல்ல எழுதினார்.

கடிதம் எழுத, கணக்குப் போட: லிப்ரே ஆஃபிஸ்.
இணையம் பார்க்க: ஃபயர்ஃபாக்ஸ்.
படம், பாட்டு பார்க்க, கேட்க: வி.எல்.சி.
புகைப்படம் திருத்த: கிம்ப்.

இவை எல்லாம் கட்டற்ற மென்பொருள்கள். தமிழிலும் கன்னடத்திலும் தட்டச்சு செய்யலாம். தமிழ்99 விசைப்பலகையும் உண்டு.

சில வேலைகளுக்கு லினக்ஸ் ஒத்து வராது. அதையும் சொல்லிவிட வேண்டும். கடைகளில் டாலி என்ற கணக்கு மென்பொருள் வைத்திருப்பார்கள். அது விண்டோசுக்காகச் செய்தது. அச்சகங்களில் உள்ள கோரல் டிராவும் அப்படித்தான். பிழைப்பே அவற்றில் என்றால் அவசரப்பட்டு மாறக் கூடாது. பிரிண்டரும் வேலை செய்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அக்காவிடம் டாலி இல்லை. அவருக்குக் கவலை இல்லை.

அடுத்து, எந்த லினக்ஸ்? லினக்சில் பல வகை உண்டு. புதியவர்களுக்கு லினக்ஸ் மின்ட் எளிது. பார்க்க விண்டோஸ் போலவே இருக்கும். அதிலும் எக்ஸ்.எஃப்.சி.ஈ. என்ற பதிப்பு பழைய கணினிக்கு ஏற்றது. 2 ஜி.பி. நினைவகம் இருந்தால் ஓடும். 4 ஜி.பி. இருந்தால் நன்றாக ஓடும். நினைவகம் குறைவாக இருந்தால் எஸ்.பி. ரோட்டில் பழைய நினைவகம் கிடைக்கும். புதுக் கணினி வாங்குவதைவிட அது மிக மலிவு.

படிப்படியாக மாறலாம்

ஒரே நாளில் மாற வேண்டாம். தம்பி சொன்ன வழி இது.

முதல் படி. இப்போது உள்ள விண்டோசிலேயே லிப்ரே ஆஃபிசும் ஃபயர்ஃபாக்சும் போட்டுக் கொள்ளுங்கள். அவை விண்டோசிலும் ஓடும். ஒரு மாதம் பழகுங்கள்.

இரண்டாம் படி. அளவு, கணக்கு, பாடம், புகைப்படம் எல்லாவற்றையும் வேறு ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்து வையுங்கள். அது திறக்கிறதா என்று இன்னொரு கணினியில் போட்டுப் பாருங்கள். இந்தப் படியை மட்டும் யாரும் தாண்டக் கூடாது. தாண்டினால் பல வருட உழைப்பு ஒரு நிமிடத்தில் போய்விடும்.

மூன்றாம் படி. லினக்சை வெறும் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். கணினியில் உள்ளது எதுவும் மாறாது. திரை தெரிகிறதா? ஒலி வருகிறதா? இணையம் வருகிறதா? பிரிண்டர் ஓடுகிறதா? எல்லாம் பாருங்கள். லினக்சை எப்போதும் அதன் சொந்தத் தளத்திலிருந்தே எடுக்க வேண்டும்.

நான்காம் படி. பிடித்திருந்தால் கணினியில் போடுங்கள். இடம் இருந்தால் விண்டோசையும் பக்கத்தில் வைத்துக் கொள்ளலாம். ஆனால் பழைய விண்டோசில் பாங்கு வேலை செய்ய வேண்டாம்.

மென்பொருளுக்குக் காசில்லை. ஆனால் போட்டுத் தருபவர் கூலி கேட்டால் அது நியாயம்தான். துணி நம்முடையது என்றாலும் தையல் கூலி உண்டு அல்லவா?

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். லினக்சில் வைரஸ் தொல்லை குறைவு. இல்லவே இல்லை என்று நினைக்கக் கூடாது. புதுத் திருத்தங்கள் வரும்போது போட்டுக்கொள்ள வேண்டும். கடவுச்சொல்லை யாருக்கும் சொல்லக் கூடாது.

சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது? பயன்படுத்துகிறவர்களே ஒருவருக்கு ஒருவர் உதவுகிறார்கள். தமிழில் கணியம் என்ற மின்னிதழ் 2012இல் தொடங்கியது. கட்டற்ற மென்பொருள் பற்றி எளிய தமிழில் அதில் படிக்கலாம்.

அக்கா செய்தது என்ன?

ஒரு மாதம் ஆயிற்று. அக்காவின் கணினியில் லினக்ஸ் மின்ட் ஓடுகிறது. முதல் வாரம் தடுமாறினார். "பழைய இடத்துல எதுவுமே இல்லையே" என்று சலித்துக் கொண்டார். மகள் கூட இருந்து காட்டினாள். இரண்டாம் வாரம் கை பழகிவிட்டது. ஒரு பழைய கடிதம் மட்டும் கொஞ்சம் கலைந்து தெரிந்தது. அதைச் சரிசெய்து கொண்டார். வெளியே அனுப்பும் கடிதத்தை பி.டி.எஃப். ஆக்கி அனுப்பக் கற்றுக்கொண்டார். அப்படி அனுப்பினால் எங்கே திறந்தாலும் ஒரே மாதிரி தெரியும்.

புதுக் கணினிக்கு வைத்த பணம் மகளின் காலேஜ் ஃபீசுக்குப் போயிற்று.

எதிர்வீட்டு அம்மா வந்து பார்த்தார். "எனக்கும் இது கிடைக்குமா?" என்று கேட்டார்.

அக்கா சிரித்தார். "பென் டிரைவ் கொண்டு வாங்க அக்கா. நானே போட்டுத் தர்றேன். இதைக் கொடுக்கறதுக்கு யார் அனுமதியும் வேண்டாம்."

சேர்ந்து பேசுவோம்

1. இலவச மென்பொருளுக்கும் கட்டற்ற மென்பொருளுக்கும் என்ன வேறுபாடு?
2. திருட்டுக் காப்பி போட்டால் என்ன ஆபத்து?
3. லினக்ஸ் போடும் முன்பு கட்டாயம் செய்ய வேண்டியது எது?
4. உங்கள் வீட்டிலோ சங்கத்திலோ பழைய கணினி இருக்கிறதா? அதில் என்னென்ன வேலை செய்ய விரும்புகிறீர்கள்? ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.