ஒரு சிலிண்டர் மட்டும் எரியாதபோது

பெட்ரோல் இன்ஜினின் ஒரு சிலிண்டரோ பல சிலிண்டர்களோ தம் முறை வரும்போது எரிபொருளை எரிக்காமல் விட்டுவிடுவதே மிஸ்ஃபயர் எனப்படும் கோளாறு. மெக்கானிக்குகள் இதனை ‘மிஸ்ஸிங்’ என்பர். ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் நின்ற இடத்தில் ஓடும்போது, இன்ஜின் குலுங்குவதும், மேடு ஏறுகையில் இழுவை குறைவதும், புகைக்குழாயில் எரியாத பெட்ரோலின் வாடை வீசுவதும் இதன் அடையாளங்கள். பழைய கார் வைத்திருப்போர் பலர் இந்நிலையில் பிளக், காயில், கார்புரேட்டர் என ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துப் பணத்தை இழக்கின்றனர். எந்த உறுப்பு எத்தனை சிலிண்டர்களுக்குப் பணிசெய்கிறது என்பதை அறிந்துகொண்டால், எதையும் விலைகொடுத்து வாங்குவதற்கு முன்பே பழுதின் இடத்தைப் பெரும்பாலும் வீட்டிலேயே கண்டறிந்துவிடலாம்.

கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 2014 வரை தயாரிக்கப்பட்ட அம்பாசடர் காரில் நெடுங்காலம் பொருத்தப்பட்டிருந்த 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் நான்கு சிலிண்டர்களும் 1-3-4-2 என்ற வரிசையில் எரிகின்றன. கிராங்க் தண்டு இருமுறை சுழன்றால் ஒவ்வொரு சிலிண்டரும் ஒருமுறை எரியும் என்பதால், நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும் இன்ஜினுக்கு அதே நிமிடத்தில் 1600 தீப்பொறிகள் தேவைப்படுகின்றன. ஒவ்வொரு எரிதலுக்கும் உரிய விகிதத்தில் கலந்த காற்றும் பெட்ரோலும், அக்கலவையைப் போதிய அளவு இறுக்கும் அழுத்தம், சரியான கணத்தில் வலுவான தீப்பொறி என மூன்று வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மிஸ்ஸிங் தோன்றும்.

இந்த இன்ஜினில் பேட்டரி, காயில், சி.பி. பாயிண்ட், கண்டென்சர், ரோட்டார், கார்புரேட்டர், பெட்ரோல் பம்ப் ஆகியவை நான்கு சிலிண்டர்களுக்கும் பொதுவானவை. பிளக், அதற்குச் செல்லும் ஹை டென்ஷன் ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலுள்ள முனை, வால்வுகள், பிஸ்டன் ரிங்குகள் ஆகியவை ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியானவை. எனவே ஒரே சிலிண்டர் தொடர்ந்து எரியாமல் இருந்தால், ஒரே கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் பெறும் மற்ற மூன்றும் ஒழுங்காக எரிவதே கார்புரேட்டர் குற்றமற்றது என்பதற்குச் சான்றாகிறது. மாறாக, எல்லாச் சிலிண்டர்களும் ஒழுங்கின்றி மாறிமாறித் தவறினால் பொது உறுப்புகளையே முதலில் ஐயுற வேண்டும்.

எரியாத சிலிண்டரைக் கண்டறியும் சோதனை எளியது. இன்ஜினை நிறுத்தி, ஒரு பிளக்கின் ஒயரைக் கழற்றி, அதன் முனையில் உபரிப் பிளக் ஒன்றைச் செருகி, அந்தப் பிளக்கின் உலோக உடலை இன்ஜின் உலோகத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டு, மீண்டும் இயக்க வேண்டும். எரிந்துகொண்டிருந்த சிலிண்டரின் ஒயர் கழற்றப்பட்டிருந்தால் இன்ஜினின் ஓட்டம் முன்னைவிடத் தளரும். எரியாமல் இருந்ததைக் கழற்றினால் எந்த மாறுதலும் தெரியாது. காயிலில் எழும் மின்னழுத்தம் பல ஆயிரம் வோல்ட் ஆகையால், இன்ஜின் ஓடும்போது ஒயர்களைத் தொடக் கூடாது. பெட்ரோல் கசியும் வண்டியில் இச்சோதனையைச் செய்யவே கூடாது.

பழுதான சிலிண்டர் இரண்டாவது எனத் தெரிந்தால், அதன் பிளக்கையும் மூன்றாவதன் பிளக்கையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். கோளாறும் மூன்றாவது சிலிண்டருக்கு மாறினால் பிளக்கே காரணம்; மாறாவிட்டால் ஒயரையும், பின்னர் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மயிரிழை போன்ற விரிசலோ கருங்கோடோ உண்டா என்பதையும் பார்க்கலாம். ஒரு முறைக்கு ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது இங்கு மீறக் கூடாத விதி. இரண்டை ஒருசேர மாற்றினால், எது காரணம் என்று சொல்ல இயலாமற் போகும்.

கழற்றிய பிளக்கின் முனையும் சான்றுரைக்கும். இளம் பழுப்பு நிறம் நல்ல எரிதலைக் காட்டுகிறது. உலர்ந்த கரி பெட்ரோல் மிகுதியையும், பெட்ரோல் ஈரம் தீப்பொறி இல்லாமையையும், எண்ணெய்ப் பிசுக்கு ரிங்குகளோ வால்வு கைடுகளோ தேய்ந்ததையும், வெளுத்த நிறம் காற்று மிகுதியையோ அதிக வெப்பத்தையோ உணர்த்துகின்றன. அழுத்தம் கூடிய கலவையில் மின்பொறி தாவுவதற்கு மேலும் உயர்ந்த வோல்ட் தேவை என்பதால், நலிந்த பிளக்கும் காப்புறை பழுதான ஒயரும் சமதரையில் ஒழுங்காகப் பணிசெய்து, பாரம் ஏறும்போது மட்டும் தவறுவதுண்டு.

பொது உறுப்புகளுள் முதலில் பார்க்க வேண்டியது சி.பி. பாயிண்ட். இது காயிலுக்குச் செல்லும் 12 வோல்ட் மின்னோட்டத்தை இணைத்தும் துண்டித்தும் தரும் சிறு முனைகளின் சோடி. அது திறக்கும் கணத்தில் காயிலின் காந்தப்புலம் சரிந்து, உயர் மின்னழுத்தம் பிறக்கிறது. இந்த இன்ஜினில் அதன் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். இடைவெளி கூடினால் முனைகள் மூடியிருக்கும் நேரம் குறைந்து, காயில் நிரம்பாமல், வேகத்தில் தீப்பொறி நலியும். முனைகள் கருகியும் குழி விழுந்தும் இருந்தால் கண்டென்சர் ஐயத்துக்குரியது.

ஐடிலிங்கில் தோன்றி, வேகத்தில் மறையும் மிஸ்ஸிங், காற்றுக் கசிவைச் சுட்டுகிறது; ஐடிலிங்கில் இன்ஜின் இழுக்கும் காற்று மிகக் குறைவாகையால், சிறு கசிவும் கலவையைப் பெரிதும் கெடுத்துவிடும். இந்த இன்ஜினின் 1, 2 சிலிண்டர்கள் ஒரே உள்வழியையும், 3, 4 சிலிண்டர்கள் மற்றோர் உள்வழியையும் பகிர்ந்துகொள்வதால், அடுத்தடுத்த இரண்டு ஒருங்கே தவறினால் மேனிஃபோல்டு கேஸ்கெட்டையும் சோதிக்க வேண்டும்.

தீப்பொறியும் கலவையும் குறையற்றிருந்தும் ஒரு சிலிண்டர் எரியாவிட்டால், கம்ப்ரஷன் கேஜ் எனும் அழுத்தமானியால் அளக்க வேண்டும். அழுத்தம் குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மீண்டும் அளக்கையில் அளவு உயர்ந்தால் ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன; உயராவிட்டால் வால்வுகளோ ஹெட் கேஸ்கெட்டோ பழுது. வால்வின் டேப்பெட் இடைவெளி இறுகியிருந்தாலும் இதே குறை தோன்றும் என்பதால் அதை முதலில் சரிசெய்து பார்க்கலாம்; அதன் பிறகும் குறை நீடித்தால், வீட்டுப் பணி அங்கு முடிகிறது; ஹெட்டைக் கழற்றும் பணியைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதே முறை. இவ்வரிசையில் சோதிப்போர், உதிரிபாகக் கடைக்குச் செல்லும்போது எதை வாங்க வேண்டும் என்பதைத் தெளிவாக அறிந்தே செல்வர்.