மசாலாத் தூள்: மணம் வெளியே போகாமல், நீர் உள்ளே வராமல்

சென்ற தீபாவளிக்கு எங்கள் வீட்டில் இரண்டு கிலோ கறி மசாலாத் தூள் தயாரித்தோம். மல்லி, காய்ந்த மிளகாய், சோம்பு, சீரகம், மிளகு எல்லாவற்றையும் வறுத்து, பசாருக்குப் பக்கத்தில் உள்ள மாவு மில்லில் கொடுத்து அரைத்து வந்தோம். வீட்டுக்கு வந்தபோது தூள் கை பொறுக்காத சூட்டில் இருந்தது. அன்று பலகார வேலை நிறைய. தூளைச் சூடாகவே ஒரு பெரிய டின்னில் கொட்டி, இறுக மூடி வைத்துவிட்டோம்.

ஐந்து வாரம் கழித்துத் திறந்தால், மூடியின் உட்புறம் துருப் பிடித்திருந்தது. மேலாகத் தூள் கட்டி கட்டியாக இருந்தது. ஓரத்தில் சாம்பலும் பச்சையும் கலந்த ஒரு படலம். “மேலே இருக்கிறத மட்டும் எடுத்து வீசிட்டு, மிச்சத்த வெயில்ல போட்டு மறுபடியும் வறுத்துட்டா சரியாப் போயிடும்” என்றார் அம்மா. “இரண்டு கிலோ சாமான். அப்படியே வீசச் சொல்றியா?” என்றும் கேட்டார்.

அப்படியேதான் வீசினோம். மனம் வரவில்லை என்றாலும் வேறு வழியில்லை. ஏன் என்பதை இந்த வாரம் பார்ப்போம். அதற்கு முதலில் மசாலாத் தூள் என்பது என்ன, அதற்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மணம் என்பது மூலக்கூறு

ஒரு மல்லி விதையைக் கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள். அவ்வளவாக மணம் இராது. அதையே விரல் நகத்தால் நசுக்கிவிட்டு முகருங்கள். உடனே மணக்கும். விதைக்குள் மிக நுண்ணிய எண்ணெய்க் குழாய்கள் இருக்கின்றன. அவற்றுள் அடைபட்டிருக்கும் மூலக்கூறுகள் நசுக்கியதும் வெளியே வந்து, காற்றில் பரவி, நம் மூக்கை அடைகின்றன. நாம் மணம் என்று சொல்வது அந்த மூலக்கூறுகளைத்தான்.

ஒவ்வொரு மசாலாப் பொருளுக்கும் அதன் மணத்தைத் தரும் முக்கிய மூலக்கூறு உண்டு. மல்லிக்கு லினலூல், சீரகத்துக்குக் குமினால்டிஹைடு, சோம்புக்கு அனெத்தோல், பட்டைக்குச் சின்னமால்டிஹைடு, கிராம்புக்கு யூஜினால். இவை சேர்ந்த எண்ணெயின் அளவு பொருளுக்குப் பொருள் மாறும். 100 கிராம் கிராம்பில் ஏறக்குறைய 15 கிராம் மண எண்ணெய் இருக்கலாம். அதே எடையுள்ள மல்லியில் ஒரு கிராம்கூடத் தேறுவது கடினம். அதனால்தான் ஒரு கைப்பிடி மல்லிக்கு நான்கு கிராம்பு போதும் என்று பாட்டிமார் அளவு வைத்தார்கள்.

இந்த எண்ணெய்கள் எளிதில் ஆவியாகக் கூடியவை. லினலூலின் கொதிநிலை சுமார் 198 டிகிரி செல்சியஸ். அப்படியானால் அறை வெப்பநிலையில் அது எப்படி ஆவியாகும் என்று கேட்பீர்கள். கொடியில் போட்ட துணி 30 டிகிரியிலேயே காய்கிறதே, நீர் 100 டிகிரிக்கா போகிறது? கொதித்தல் வேறு, ஆவியாதல் வேறு. ஆவியாதல் எந்த வெப்பநிலையிலும் மேற்பரப்பில் நடந்துகொண்டே இருக்கும். வெப்பம் கூடக் கூட வேகமாக நடக்கும்.

வறுக்கும்போது நடப்பது

“வறுக்கும்போது வீடே மணக்க வேண்டும்” என்பார்கள். அறிவியல் கண்ணால் பார்த்தால், வீடு முழுக்க மணப்பது எல்லாம் டின்னுக்குள் போகாமல் தப்பித்த மணம். ஆனாலும் வறுக்கத்தான் வேண்டும். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, பொருளில் உள்ள நீர் வெளியேறுகிறது. நன்றாகக் காய்ந்த பொருள்தான் உடைந்து நைஸாக அரைபடும். இரண்டு, முன்பு இல்லாத புதிய மணம் பிறக்கிறது. சூடு 140 டிகிரியை ஒட்டி உயரும்போது, விதையில் உள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வேகமாக வினை புரிகின்றன. இதற்கு மெயிலார்டு வினை என்று பெயர். பிரான்சைச் சேர்ந்த லூயி கமீல் மெயிலார்டு 1912-இல் இதை விவரித்தார். ரொட்டியின் மேல்தோல் பழுப்பாவதும், காப்பிக்கொட்டை கறுத்து மணப்பதும் இதனால்தான். வறுத்த மல்லியில் வரும் அந்தக் கடலை போன்ற மணமும் இதில் பிறப்பதே.

பொருள்களைத் தனித்தனியாக வறுக்கச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. சீரகம் சிறியது, சீக்கிரம் சூடேறும். மல்லிக்கு நேரம் பிடிக்கும். எல்லாவற்றையும் ஒரே வாணலியில் போட்டால், மல்லி வறுபடுவதற்குள் சீரகம் கருகிக் கசந்துவிடும்.

மிளகாய் வறுத்தால் வீட்டில் எல்லாரும் இருமுவது தெரியும். மிளகாயில் உள்ள கேப்சைசின் நுண்துகள்களாகக் காற்றில் கலந்து மூக்கையும் தொண்டையையும் தாக்குகிறது. நம் நரம்புகளில் சுமார் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை உணரும் ஓர் ஏற்பி இருக்கிறது. கேப்சைசின் அதே ஏற்பியைத் தூண்டுவதால், சூடு இல்லாமலே “சுடுகிறது” என்று மூளை நினைக்கிறது. 1997-இல் இந்த ஏற்பியை அடையாளம் கண்ட அமெரிக்கரான டேவிட் ஜூலியஸ், 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை இன்னோர் ஆய்வாளருடன் பகிர்ந்துகொண்டார். ஆகவே, மிளகாயைக் குறைந்த தீயில், சன்னலைத் திறந்துவைத்துக் கடைசியாக வறுங்கள்.

அரைத்தால் என்ன மாறுகிறது?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். பக்கம் 1 சென்டிமீட்டர் உள்ள ஒரு கனசதுரத்தின் மொத்த மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதைப் பக்கம் 1 மில்லிமீட்டர் உள்ள துண்டுகளாக வெட்டினால் 1,000 துண்டுகள் கிடைக்கும். மேற்பரப்பு 60 சதுர சென்டிமீட்டர் ஆகும். இன்னும் நுணுக்கி 0.1 மில்லிமீட்டர் தூளாக்கினால் மேற்பரப்பு 600 சதுர சென்டிமீட்டர். ஏறக்குறைய ஓர் ஏ4 தாளின் பரப்பு அது! பொருளின் அளவு மாறவில்லை, காற்றில் படும் பரப்பு மட்டும் நூறு மடங்கு கூடிவிட்டது.

எனவே, தூளிலிருந்து மணம் வேகமாக வெளியேறுகிறது. காற்றில் உள்ள ஆக்சிஜன் எளிதில் உள்ளே புகுந்து, மிளகாயின் சிவப்பை மங்கச் செய்கிறது. வெளிச்சம் பட்டால் மஞ்சளின் நிறமும் குறைகிறது. இவை தவிர, காற்றில் உள்ள நீராவியையும் அந்தப் பெரிய பரப்பு ஈர்த்துக்கொள்கிறது. எங்கள் டின் கெட்டது இந்தக் கடைசிக் காரணத்தால்தான்.

டின்னுக்குள் பெய்த மழை

நீர் எங்கிருந்து வந்தது? நாங்கள் ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லையே!

வறுத்த பிறகும் தூளில் சிறிது ஈரம் மிச்சம் இருக்கும். தூள் சூடாக இருக்கும்போது அந்த ஈரம் ஆவியாகி மேலே எழுகிறது. டின்னின் மூடியோ வெளிக்காற்றுப் பட்டுச் சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. குளிர்ந்த மூடியில் நீராவி பட்டதும் நீர்த்துளியாகிறது. ஐஸ் போட்ட கிளாஸின் வெளிப்புறம் வேர்ப்பது போன்ற ஆவி சுருங்குதல்தான் இது. துளிகள் தூளின் மேல் விழுகின்றன. மொத்தத் தூளும் காய்ந்தே இருந்தாலும், மேல் அடுக்கு மட்டும் நனைந்துவிடுகிறது. பூஞ்சைக்கு அந்த ஓர் இடம் போதும்.

நம் நாட்டின் காற்றும் இதற்குத் துணை. இங்கே காற்றின் சராசரி ஈரப்பதம் சுமார் 80 விழுக்காடு. தீபாவளி வரும் அக்டோபர், நவம்பரில் மேற்குக் கரையில் மாலை மழையும் சேர்ந்துகொள்ளும்.

உணவறிவியலில் “நீர்ச் செயற்பாடு” என்று ஓர் அளவு உண்டு. தூய நீருக்கு அது 1. முற்றிலும் காய்ந்த பொருளுக்கு 0. இந்த அளவு 0.65-க்குக் கீழே இருந்தால் மிகப் பெரும்பாலான பூஞ்சைகள் வளர முடியாது. 80 விழுக்காடு ஈரமுள்ள காற்றில் தூளைத் திறந்து வைத்தால், அது மெல்ல மெல்ல ஈரத்தை இழுத்து 0.8 வரை போய்விடும். பல பூஞ்சைகளுக்கு அது தாராளம்.

மறுபடியும் வறுத்தால் என்ன?

அம்மா கேட்ட கேள்விக்கு வருவோம். வறுத்தால் பூஞ்சை செத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால், அது உயிரோடு இருந்தபோது உண்டாக்கிய நஞ்சு சாகாது. நஞ்சு உயிருள்ளது அன்று, அது ஒரு வேதிப்பொருள்.

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று இறந்தன. காரணம் தெரியாமல் முதலில் திகைத்தார்கள். அவற்றின் தீவனத்தில் சேர்த்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருந்தது பின்னர் தெரியவந்தது. அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் அந்தப் பூஞ்சையின் பெயரிலிருந்தே நஞ்சுக்கு “அஃப்ளடாக்சின்” என்று பெயர் வைத்தார்கள். இது கல்லீரலைத் தாக்கும். மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் இது வைக்கப்பட்டுள்ளது. நிலக்கடலை, சோளத்தில் மட்டுமன்றி, சரியாகக் காயாத மிளகாயிலும் இது உண்டாகக் கூடும். சமையல் சூட்டில் இது முழுமையாக அழிவதில்லை.

எல்லாப் பூஞ்சையும் இந்த நஞ்சைத் தருவதில்லை. ஆனால் எது தரும், எது தராது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மேலே தெரியும் படலத்தை எடுத்துவிட்டாலும் தூளுக்குள் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்றும் தெரியாது. அதனால்தான் இரண்டு கிலோவும் குப்பைக்குப் போனது.

இப்போது எங்கள் வீட்டில்

இப்போது மாதத்துக்கு ஒரு முறை, கொஞ்சமாக அரைக்கிறோம். மல்லி 100 கிராம், காய்ந்த மிளகாய் 25 கிராம், சோம்பு 15 கிராம், சீரகம் 10 கிராம், மிளகு 10 கிராம், மஞ்சள் தூள் 5 கிராம், ஒரு சிறு துண்டு பட்டை, கிராம்பு நான்கு, ஏலக்காய் மூன்று. உங்கள் வீட்டுக் காரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

மஞ்சள் தூளைத் தவிர மற்றவற்றை மிதமான தீயில் தனித்தனியாக வறுத்து, ஆறவிட்டு, விட்டுவிட்டு அரைக்கிறோம். தொடர்ந்து ஓட்டினால் மிக்சி சூடாகி மணம் பறக்கும். பிறகு மஞ்சள் தூளைக் கலந்து, அகலத் தட்டில் பரப்பி, மெல்லிய துணியால் மூடுகிறோம். தொட்டால் சூடு தெரியாத நிலை வந்ததும் காய்ந்த கண்ணாடிப் போத்தலில் போட்டு மூடுகிறோம். இரவு முழுக்க விடுவதில்லை, விட்டால் தூள் ஈரத்தை இழுக்கும். போத்தல் இருட்டான அலமாரியில் இருக்கும். அடுப்பின் ஆவியில் போத்தலைச் சாய்த்துக் கொட்டுவதும், ஈரக் கரண்டி போடுவதும் இல்லை. குளிர்பதனப்பெட்டியில் வைப்பவர்கள், வெளியே எடுத்ததும் திறக்காமல், குளிர் விட்ட பிறகு திறங்கள். இல்லாவிட்டால் குளிர்ந்த தூளின் மேலேயே நீர் படியும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

மல்லி விதை 20 கிராம், வறுத்து அரைத்த மல்லித்தூள் 20 கிராம் எடுத்து, ஒரே மாதிரியான இரண்டு தட்டுகளில் மூன்று வாரம் திறந்து வையுங்கள். நாள்தோறும் மின்னியல் தராசில் தூளை நிறுத்து எழுதுங்கள். எடை கூடுகிறதா? கூடினால் அது காற்றிலிருந்து வந்த நீர். மூன்றாம் வார முடிவில் விதையையும் வறுத்து அரைத்து, நண்பர்களின் கண்ணைக் கட்டி இரண்டையும் முகரச் சொல்லி, பத்துக்கு மதிப்பெண் கேளுங்கள்.

இதில் விதையா தூளா என்பது தற்சார்பு மாறி. மணத்தின் மதிப்பெண் சார்பு மாறி. நிறை, தட்டு, வைத்த இடம், நாள்களின் எண்ணிக்கை ஆகியவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். சோதித்த தூளைச் சமையலுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

அம்மா இப்போது தட்டில் பரப்பிய தூளைப் புறங்கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் போத்தலை எடுக்கிறார். “இன்னும் கொஞ்சம் சூடு இருக்கு, பொறு” என்கிறார். பெரிய டின்னைக் கழுவிக் காயவைத்தோம். இந்தத் தீபாவளிக்கு அதில் முறுக்கு இருக்கும்.