உள் விளிம்பு தேய்ந்த டயரும் வெளியே தெரியாத நஷ்டமும்

டயர் விற்பது இலகு. விற்ற டயர் திரும்பி வரும்போது பதில் சொல்வதுதான் கஷ்டம். மாத்தளை வீதியும் குருநாகல் வீதியும் பிரிகின்ற கட்டுகஸ்தோட்டையில் பல வருடங்களாகக் கடை வைத்திருக்கும் எனக்கு, அந்தப் பாடத்தை அண்மையில் ஓர் இளைஞர் மறுபடியும் படிப்பித்துவிட்டுப் போனார்.

அக்குறணைப் பக்கம் புடவைக் கடை வைத்திருப்பவர். கொரொல்லா 121 கார். நான்கு மாதங்களுக்கு முன்னர் என்னிடம் இரண்டு முன் டயர்கள் வாங்கியிருந்தார். கடையில் நாலைந்து பேர் நிற்கும் நேரமாகப் பார்த்து வந்து, "ஹாஜியார், நீங்க தந்த டயர் நாலு மாசம் கூட வரல்ல. மட்டமான சாமான் எண்டு எல்லாரும் சொல்லுறாங்க" என்றார். வியாபாரிக்கு இதைவிடப் பெரிய அடி வேறில்லை. எனக்கும் கோபம்தான். ஆனாலும் வாயைத் திறக்காமல் காரின் பக்கம் போனேன்.

வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதிது போல இருந்தது. ஸ்டேரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பச் சொல்லி உள் விளிம்பைக் காட்டினேன். அங்கே கம்பி தெரிந்தது. தேய்ந்த இடத்தில் கையை வைத்துத் தடவினால் ஒரு பக்கம் வழுக்கியது, மறுபக்கம் வாள் பல் போல உறுத்தியது. காரும் முன்பைவிடப் பதிந்து நின்றது. கலகெதர வளைவுகளில் மழை நேரத்தில் அந்த டயர் வெடித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்ததும் என் கோபம் போய்விட்டது.

"தம்பி, ஸ்பிரிங் மாத்தினீங்களா?" என்றேன்.

"ஓம் ஹாஜியார். அண்டைக்கே எலைன்மன்ட்டும் செஞ்சேனே" என்று கடதாசியைக் காட்டினார். அதில் டோ அளவு பச்சையிலும் கெம்பர் அளவு இரண்டு பக்கமும் சிவப்பிலும் இருந்தன. சிவப்பைப் பற்றி யாரும் அவருக்கு விளக்கவில்லை.

காரைப் பதித்தால் என்ன நடக்கிறது என்பதை நமது வியாபாரிகள் விளங்கிக்கொள்ள வேண்டும். இவ்வகைக் கார்களின் முன்பக்கத்தில் இருப்பது, அமெரிக்கப் பொறியியலாளர் ஏர்ல் மெக்பர்சன் 1940களில் வடிவமைத்த முறை. கீழே ஓர் ஆர்ம், மேலே ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோபரும் சேர்ந்த ஒரு தூண். உயரம் குறையும்போது கீழ் ஆர்மின் சாய்வு மாறி, சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே சாய்கிறது. இதுதான் நெகட்டிவ் கெம்பர். ஸ்டேரிங்கின் டை ரொட் வேறொரு வட்டத்தில் அசைவதால், சக்கரங்கள் முன்னோக்கிப் பார்க்கும் கோணமும் கூடவே மாறுகிறது. அதுதான் டோ.

இரண்டில் டயரை வேகமாகத் தின்பது டோ. ஒரு சக்கரம் அரை டிகிரி விலகியிருந்தால், ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 8.7 மீற்றர் பக்கவாட்டாக இழுபடுகிறது. கண்டியிலிருந்து கொழும்புக்குச் சுமார் 115 கிலோமீட்டர். ஒரு தடவை போனாலே அந்த டயர் ஒரு கிலோமீட்டர் தூரம் வீதியில் தேய்த்து இழுக்கப்பட்டதற்குச் சமம். கெம்பரும் சேரும்போது முழுத் தேய்வும் உள் விளிம்பில் விழுகிறது.

மறுபடி அளந்து பார்த்தோம். அவருடைய காரில் டோ ஒவ்வொரு பக்கமும் அரை டிகிரி வெளியே திறந்திருந்தது. ஸ்பிரிங் போட்ட அன்றே அளந்தது முதல் பிழை. புது ஸ்பிரிங் சில நாள் ஓடித்தான் தன் உயரத்தில் அமரும். ஒரு போல் ஜொயின்ட் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்க்காமல் விட்டது இரண்டாவது பிழை.

சரியான ஒழுங்கு இதுதான். முதலில் டயர்க் காற்று, போல் ஜொயின்ட், டை ரொட் முனை, புஷ், பெயாரிங் அனைத்தையும் பார்க்க வேண்டும். ஆடும் சாமானை வைத்துக்கொண்டு எடுக்கும் அளவு வீண். கீழ் ஆர்மின் புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தி, கார் தன் பாரத்தில் நிலத்தில் நிற்கும்போதே இறுக்க வேண்டும். தொங்கவிட்டு இறுக்கினால் புஷ் முறுகிக் கிழியும். பின் சக்கரங்களையும் அளக்க வேண்டும். இந்தக் காரின் பின் அச்சு ஒரே துண்டு, அதில் திருகிச் சரிசெய்ய இடமில்லை. ஆனால் அது வளைந்திருந்தால் முன்பக்கத்தை எவ்வளவு திருத்தினாலும் கார் நேராக ஓடாது.

அடுத்து கெம்பர். தூணையும் சக்கரத்தையும் இணைக்கும் இரண்டு போல்ட்டுகளில் ஒன்றுக்குப் பதிலாகக் கெம்பர் போல்ட் போட்டால் ஒரு டிகிரிக்குக் கிட்ட மீட்டெடுக்கலாம். கெம்பரை அசைத்தால் டோவும் அசையும். ஆகவே ஸ்டேரிங்கை நேராகப் பூட்டிவைத்து டோவைக் கடைசியில்தான் சரிசெய்ய வேண்டும். ஓரிரு மாதத்தில் மீண்டும் ஒரு தடவை அளப்பது நல்லது.

இத்தனை செய்தும் கெம்பர் அளவுக்குள் வராவிட்டால் கார் அளவுக்கு மீறிப் பதிக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது உயரத்தைக் கூட்டுவதே மருந்து. பழைய ஸ்பிரிங்கை வெட்டிப் பதிப்பதோ வெறும் ஆபத்து. வெட்டிய முனை இருக்கையில் சரியாக அமராது. குழியில் விழுந்தெழும்போது இடம் விலகக்கூடும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இருந்த காரையே அழகுபடுத்தும் ஆசை பலருக்கு வந்ததில் பிழை சொல்ல முடியாது. ஆசைக்கு ஆகும் முழுச் செலவையும் முன்கூட்டியே சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

இப்போது என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். டயர் வாங்கிய அன்றே அந்த இளைஞர், "அடுத்த கிழமை காரைப் பதிக்கப் போறேன்" என்று என்னிடம் சொல்லியிருந்தார். அது எனக்கு நன்றாக ஞாபகம். நான் காசை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. டயரில் குறையில்லை, என் மௌனத்தில்தான் குறை இருந்தது. ஆகவே வேலை முழுவதும் முடிந்த பிறகு புது டயர் இரண்டையும் வாங்கிய விலைக்கே கொடுத்தேன்.

இன்று என் கடையில் டயர் கேட்டு வருபவரிடம் விலை சொல்வதற்கு முன் இரண்டு கேள்விகள் கேட்கிறோம்: காரைப் பதித்திருக்கிறீர்களா? பழைய டயர் எந்தப் பக்கம் தேய்ந்தது? ஒரு நிமிடம்தான் செல்லும். சிலர் டயர் வாங்காமல் முதலில் கராஜுக்குப் போகிறார்கள். அன்றைய விற்பனை குறைவுதான். ஆனால் அவர்கள் திரும்பி வரும்போது சண்டைக்கு வருவதில்லை.